ஆறு மாதத் தாடியும் கோழி மார்க் கத்தியும்

வெள்ளைப்பாலத் தோட்டம்,
மெர்லிமாவ்.
2-9-1951

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பிச்சைமுத்து எழுதுவது. இங்கே வேலிக்குள் நான் சுகம், வேலியும் சுகம். போன வாரம் அதற்கு இன்னொரு சுற்றுக் கம்பி கட்டிக் கொழுக்க வைத்திருக்கிறார்கள். அங்கே உங்கள் சுகத்தையும், பிரசவத்துக்காக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கை ராஜம்மாவின் சுகத்தையும், அவள் வயிற்றில் இருப்பவரின் சுகத்தையும் எழுதவும்.

ரப்பர் பால் லோரி ஓட்டுகிற வடிவேலு நீங்கள் அனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தான். வாசலில் காவல்காரர்கள் லோரியைக் குடைந்து அரிசி தேடினார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். அரிசி தேடுகிறவன் கண்ணில் கடிதம் படுவதில்லை. அதனால் நாம் மனம்விட்டு எழுதிக்கொள்ளலாம். ஆறு கத்தியை மட்டும் எடுத்து எண்ணினார்கள். "துரைக்குச் சவரம் பண்ற ஆளுக்குலா" என்று வடிவேலு சொன்னதும் விட்டுவிட்டார்கள்.

கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபாவளிக் கூட்டத்துக்கு மூன்றாவது நாற்காலி போட்டிருக்கிறீர்கள், அதற்குப் புதுக் கத்தி வாங்கினீர்கள், சரி. மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தக் கோழி மார்க்கை வாங்கியிருக்கிறீர்களே, கடைக்காரன் கோழி உரிக்கிற கத்தி என்று சொல்லித்தான் விற்றானா? கல்லில் படுக்க வைத்தால் கால் குட்டையான முக்காலி மாதிரி ஆடுகிறது. தகடு முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. பிடியை ஒட்டிய மூலை தடித்துப் போய்க் கல்லில் இடிக்கிறது. நுனி ஊசி மாதிரி இருக்கிறது. அதை வைத்துக் கிருதா ஒதுக்கினால் வாடிக்கையாளருக்குக் காது குத்து விழாவும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும்.

உங்களை விட்டால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அதன் உயிரை எடுத்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். புத்திசாலித்தனம். நான் இப்படிச் செய்கிறேன். அந்தத் தடித்த மூலையை முரட்டுக் கல்லில் கரைத்துப் பின்னுக்குத் தள்ளுகிறேன். நுனியை உருட்டி மொக்கையாக்குகிறேன். கத்தி முதுகில் நம் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒட்டுத்துணியை ஒரு சுற்று ஒட்டிவிட்டுக் கல்லில் ஏற்றுகிறேன். முதுகு உயர்ந்தால் வாய்ப்பக்கம் கொஞ்சம் தடிப்பாக நிற்கும். மலிவு இரும்பை மெல்லியதாகத் தீட்டினால் முதல் கன்னம் வெண்ணெயாக வரும், இரண்டாவது கன்னத்தில் பல் பல்லாக உதிரும். நேராக இழுக்கக் கூடாது. வாசல் பெருக்குகிற மாதிரி குறுக்கே வீசி இழுக்க வேண்டும், அப்போதுதான் முறுக்கின இடமும் கல்லைத் தொடும். கடைசியில் தோல்வார். என் வார் ஒரு சிப்பாய் தூக்கி எறிந்த இடுப்புப் பட்டை. அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே உதவி.

துரையின் சவரம் வழக்கம்போல் நடக்கிறது. பங்களா வராந்தாவில் அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறார். எனக்குப் பின்னால் ஒரு காவல்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான். துரையின் தொண்டையில் என் கத்தி, என் முதுகில் அவன் கண். எனக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே எனக்குத் தும்மல் வருவது நின்றுவிட்டது.

என் முகத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தாடி மார்பைத் தொட எட்டிப் பார்க்கிறது. ராஜம்மாவிடம் சொல்லுங்கள், வாக்குக் கொடுத்தபடி ஒரு முடிகூடக் குறையவில்லை என்று. பிரசவத்துக்கு முன்னால் எப்படியும் வெளியே போகப் பாஸ் வாங்கி வந்துவிடுவேன் என்றும் சொல்லுங்கள்.

உங்கள்
பிச்சைமுத்து

*

தம்புசாமி சலூன்,
பூங்கா ராயா சாலை,
மலாக்கா.
9-9-1951

மாப்பிள்ளைக்கு,

உமது கடிதமும் முதல் இரண்டு கத்தியும் கிடைத்தன. கத்தி பரவாயில்லை. கடிதம் நீளம்.

பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருக்கிறது. கடையில் வேலை செய்கிற தனபாலன் அதை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான். மற்றதையும் சீக்கிரம் அனுப்பும்.

நான் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலாக்காவுக்கு வாரும், சேர்ந்து கடை நடத்தலாம் என்று கூப்பிட்டேனா இல்லையா? அப்போது நீர் என்ன சொன்னீர்? "துரை என்னை விடமாட்டார் மச்சான், என் கை பட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்" என்று பெருமையடித்தீர். இப்போது கம்பிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு எனக்குக் கல்லில் எப்படி இழுப்பது என்று பாடம் நடத்துகிறீர். நான் உமக்கு முன்னால் கத்தி பிடித்தவன்.

ராஜம்மாவைப் பற்றி. புக்கிட் காத்திலில் உள்ள வீட்டில் என் சம்சாரம் கமலவேணி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கால் வீங்குகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லிவிட்டுத் தனியாக என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "வயசு ஆச்சு, முதல் ரெண்டும் தங்கலன்னு சொல்றீங்க, புருஷன்காரர் பக்கத்துல இருந்தா நல்லது" என்றார். இதை ராஜம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்பதில்லை. ரோட்டில் லோரி சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

ஆகையால் பாஸ் வாங்குவதைப் பார்க்கவும். நகைச்சுவையைப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
தம்புசாமி

*

வெள்ளைப்பாலத் தோட்டம்.
16-9-1951

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பாஸ் வாங்கிவிட்டேன். பயணமும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மொத்தப் பயணமும் மெர்லிமாவ் ரோட்டுப் போலீஸ் தடுப்பு வரைக்கும்தான். மலாக்கா அதற்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று கேள்வி.

நடந்ததைக் கேளுங்கள். துரை கையெழுத்துப் போட்ட பாஸ் ஒரு கையில், அடையாளக் கார்டு ஐ.சி. இன்னொரு கையில். சார்ஜெண்ட் பாஸைப் பார்த்தார், ஐ.சி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பவும் ஐ.சி.யைப் பார்த்தார். ஐ.சி. எடுத்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. சினிமாக்காரன் மாதிரி மழுமழுவென்று, மீசையைக்கூட நூல் பிடித்து வைத்திருந்தேன். அந்த அழகனைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"நான்தான் துவான்."

"இவன் வேற ஆளுலா. காட்டுக்குள்ள இருக்கிறவனுங்கதான் இப்படி இருப்பானுங்க."

பக்கத்தில் நின்ற சின்னக் காவல்காரன் துப்பாக்கியை லேசாகத் தூக்கினான். எனக்கு வியர்வை தாடிக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. வடிவேலு லோரியிலிருந்து குதித்து, "துவான், இவரு பார்பர். சம்சாரம் முழுகாம இருக்கு, அதான் தாடி" என்று எவ்வளவோ சொன்னான். சார்ஜெண்டுக்கு அந்த வாக்கியத்தில் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. பார்பருக்கு ஏன் தாடி? மனைவி உண்டாகியிருந்தால் கணவன் ஏன் சவரம் செய்யக் கூடாது? "பேர் சரி, பாஸ் சரி, முகம் சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்னைச் சுடாமல் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

துரையிடம் போய் நின்றேன். கேட்டுவிட்டு, "ஷேவ் பண்ணிடு, அவ்வளவுதானே" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து தன் கன்னத்தைக் காட்டினார். எனக்குப் புதுப்படம் எடுக்கக் கூடாதா என்றால், பதிவுக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று அவருக்கே தெரியாதாம்.

இதில் இருக்கிற வேடிக்கையைப் பாருங்கள் மச்சான். ஊரில் உள்ள முகமெல்லாம் மழிக்கிறேன். நீங்கள் அனுப்பிய கோழி மார்க் என் கையில் வந்து கழுகு மார்க் ஆகிவிட்டது. ஒரே ஒரு முகத்தை மழித்தால் மலாக்கா வந்து சேரலாம். அந்த முகத்தைத்தான் தொடக் கூடாது.

"அதெல்லாம் மூடப் பழக்கம்" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. இருக்கலாம். ஆனால் முதல் இரண்டு தடவையும் துரை வீட்டு வேலைக்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மழித்துக்கொண்டுதான் திரிந்தேன். இரண்டும் தங்கவில்லை. ராஜம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இந்தத் தடவை மாரியம்மன் கோயிலில் நின்று, "குழந்தை அழுற சத்தம் கேக்குற வரைக்கும் கத்தி படாதுன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நாற்பத்தாறு வயதில் அப்பாவாகப் போகிறவன் வேறு எதைத்தான் செய்து குழந்தையைக் காப்பாற்றுவது? பெண்ணாகப் பிறந்திருந்தால் வயிற்றிலாவது சுமந்திருப்பேன்.

லயத்தில் பக்கத்து வீட்டு முனியம்மா என்னைச் சாமியார் என்றே கூப்பிடுகிறாள். நேற்று அவள் பேரன் என்னைப் பார்த்து அழுதான். மீதி நான்கில் மூன்று கத்தியை வடிவேலுவிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று இன்னும் முறுக்குப் போகாமல் முரண்டு பிடிக்கிறது. என் ஜாதகம் மாதிரியே இருக்கிறது அது.

உங்கள்
பிச்சைமுத்து

*

தம்புசாமி சலூன்,
மலாக்கா.
23-9-1951

மாப்பிள்ளைக்கு,

கத்தி மூன்றும் வந்தன. சுருக்கமாக எழுதுகிறேன், கடையில் ஆள்.

உமது சங்கடத்தை ராஜம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். சாமி எல்லாம் மனசைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது, நீர் மழித்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டாள். முழு மனதோடு சொன்னாள். ஆகையால் இனி உமக்குத் தடை ஒன்றும் இல்லை. உடனே சவரம் செய்துகொண்டு, பாஸ் வாங்கிக்கொண்டு புறப்படவும்.

கால் வீக்கம் குறையவில்லை. யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்புசாமி

*

வெள்ளைப்பாலத் தோட்டம்.
30-9-1951

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ராஜம்மா சம்மதித்துவிட்டாள் என்றால் எனக்கு என்ன? பெரிய பாரம் இறங்கியது. ஒன்றுதான் உறுத்துகிறது. அவள் சொல்லி அனுப்பும் சேதியில் எனக்கு ஒரு திட்டாவது இருக்கும். "அந்த மனுசன்கிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பித்து ஏதாவது வரும். இதில் ஒன்றும் இல்லை. சாமி மனசைப் பார்க்கும் என்று அவள் பேசுவாளா என்றும் தெரியவில்லை. உடம்புக்கு முடியாததால் திட்டக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதோ என்று நினைத்தபோதுதான் பயந்துவிட்டேன். அதனால் யோசிக்காமல் கிளம்ப முடிவு செய்துவிட்டேன்.

பங்களாவில் இந்த வாரம் விருந்தாளிகள். சனிக்கிழமை வரை துரை அசையவிடமாட்டார். வரும் ஞாயிறு விடியற்காலை முகத்தை மழிக்கிறேன். திங்கள் காலை பால் லோரி.

முரண்டு பிடித்த அந்த ஒரு கத்தியை எனக்கென்றே வைத்துக்கொண்டேன். ஆறு மாதத் தாடி, அதற்குச் சாதாரணக் கூர் போதாது. நேற்று முழுக்க அதோடுதான் இருந்தேன். அதன் வயிறு ஒரு பக்கம் உப்பி, மறு பக்கம் ஒட்டி இருந்தது. அகலமான கல்லில் அது நடக்காது என்று புரிந்து, கல்லின் விளிம்பிலேயே உருட்டி உருட்டிக் கொண்டு வந்தேன். ஓரத்தில் பிசிறு ஏறியது. அதை ஒரு மரக்கட்டையில் மெல்ல இழுத்து எடுத்தேன். ஒட்டுத்துணியை மாற்றி, தண்ணீரின் கனத்தைத் தவிர வேறு கனம் வைக்காமல் கடைசி வீச்சு. பிறகு தாடியில் ஒரே ஒரு முடியைப் பிடித்துக் கத்தியில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் ஞாபகம். அது ஏற்கனவே விழுந்திருந்தது.

அந்த ஒரு முடிக்கே மனது என்னவோ செய்தது. சோதனைக்காகத்தானே, கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். ராஜம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள்
பிச்சைமுத்து

*

தம்புசாமி சலூன்,
மலாக்கா.
2-10-1951

மாப்பிள்ளை, இதைப் படித்த உடனே கத்தியைக் கீழே வையும்.

ராஜம்மா அப்படிச் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், நீர் அங்கேயே இருப்பீர், இவள் இங்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தங்கை படுகிற பாட்டைப் பார்த்து அண்ணன்காரன் செய்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்றால், உமது கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு வசதி என்று நினைத்தேன். தேவையில்லாத இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். "அவர் கடிதம் இவ்வளவு சின்னதா இருக்காதே அண்ணே" என்றாள். பிறகு முழுவதும் படிக்க வைத்தாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் சொல்வதை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்கிறாள். எழுதுகிறேன்:

"அந்த மனுசன்கிட்ட சொல்லுங்க. அவருக்குப் புத்தி இருக்கா? எங்கண்ணன் எழுதுனா நான் சொன்னதா ஆயிடுமா? எனக்குக் கால் வீங்கினா வீங்கிட்டுப் போகுது, வடிஞ்சிடும். அவரு வரலன்னா நான் அழுவேன், அழுதுட்டுப் பெத்துக்குவேன். ஆனா முகத்தை மழிச்சிட்டு வந்து என் முன்னால நின்னாருன்னா, அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இன்னொரு தடவை என்னால முடியாது. இதை அப்படியே எழுதுங்கண்ணே. அந்த ஒரு முடி போனா போகுது, அது என் காதுக்கு வந்துடுச்சுன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். இன்று மாலை வடிவேலு பொட்டலம் எடுக்க வருவான்.

பின்குறிப்பு: வடிவேலு வந்தான். மெர்லிமாவ் பக்கம் லோரி ஒன்றைக் காட்டு ஆட்கள் கொளுத்திவிட்டார்களாம், போலீஸ் ரோட்டை அடைத்துவிட்டது, எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை என்கிறான். கடிதத்தை அவனிடமே கொடுத்திருக்கிறேன். ராஜம்மாவிடம் ரோடு அடைத்ததைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் உமக்கு இது கிடைக்க வேண்டும்.

*

வெள்ளைப்பாலத் தோட்டம்.
9-10-1951

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பதற வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் ராஜம்மா இருந்தால் முதலில் அவளிடம் இதைச் சொல்லுங்கள்: தாடி இருக்கிறது.

இருப்பதற்குக் காரணம் நான் இல்லை. ஞாயிறு விடியற்காலை லயத்து வாசலில் கண்ணாடியை மாட்டி, வெந்நீர் வைத்து, முகம் முழுக்க சோப்பு நுரை போட்டுக்கொண்டேன். கத்தியை விரித்தேன். கன்னத்துக்குக் கொண்டு போனேன். விசில் அடித்தது.

பட்டாளத்து லோரி, போலீஸ் ஜீப், எல்லாம் வந்து நிற்கின்றன. "எல்லாரும் பெரட்டுக்களத்துக்கு வா, கார்டு கொண்டா, வீட்டுக்குள்ள போகாத." ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். முகம் கழுவ விடவில்லை. ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் மடித்த கத்தி, முகம் முழுக்க நுரை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்தக் களத்தில் வரிசையில் நின்றேன். குளிர்காலத்தில் பனி விழுந்த புதர் மாதிரி இருந்திருப்பேன்.

மேசை போட்டு, கார்டு எழுதுகிற மலாக்காப் பதிவு ஆபீஸ் கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார், நம் ஆள்தான். பக்கத்தில் படப்பெட்டி. கார்டைப் பார்த்தார்.

"பேரு?"

"பிச்சைமுத்து."

"இந்தப் படத்துல இருக்கிறது?"

"அதுவும் நான்தான் ஐயா."

"அப்ப இது யாரு, நுரைக்குள்ள?"

வரிசையிலிருந்து முனியம்மா குரல் கொடுத்தாள். "எங்க பிச்சமுத்துதான் ஐயா. உள்ளாற தேடிப் பாருங்க, கெடைப்பாரு."

"என்ன தொழில்?"

"சவரம்."

களம் முழுக்கச் சிரித்தது. காவல்காரர்களும் சிரித்தார்கள். பட்டாளத்தோடு வந்த வேறொரு மலாய் சார்ஜெண்ட் என்னவென்று கேட்க, கிராணி விஷயத்தை மலாயில் விளக்கினார். சார்ஜெண்ட் என் தாடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி வயித்துல சுமக்குறா, நீ மூஞ்சியில சுமக்குறியா?" என்றார். ஆமாம் துவான் என்றேன். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கிராணி மசியவில்லை. "கார்டு தொலைஞ்சா புதுசு குடுப்பேன். முகம் தொலைஞ்சா எப்படிக் குடுக்கிறது? போய் மழிச்சிட்டு வா. சோப்பு வேற போட்டுட்டே" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடையில் மூன்று இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. தொழில் புத்தி, வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா கேம்புல நீங்களே சவரம் பண்ணிக்கிட்டீங்களா?"

"புது பிளேடு. ஏன் கேக்குற?"

"பிளேடு நல்லதுதான் ஐயா. ஐயாவுக்கு முடி கழுத்துல சுழிச்சு வளருது, எதிர்ல இழுத்துட்டீங்க. இன்னும் மீதி நிக்குது. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

சார்ஜெண்ட்தான் "போலே போலே", செய்யலாம் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். கிராணியைக் காலி எண்ணெய் டின்னில் உட்கார வைத்தேன். எனக்கென்று தீட்டிய அந்தக் கத்தி, மச்சான். ஆறு மாதத் தாடிக்கு வைத்திருந்த கூர் அது. முடி வளர்கிற போக்கிலேயே, ஒரு கனமும் வைக்காமல் விட்டேன். அவர் தோள் இறங்கியது. பிறகு இமை இறங்கியது. தோட்டம் முழுக்கக் கார்டோடு நிற்கிறது, பட்டாளம் துப்பாக்கியோடு நிற்கிறது, அவர் தூங்குகிறார். முடித்துத் துடைத்ததும் புறங்கையால் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன கத்தி இது, ஜெர்மனியா?"

"கோழி மார்க் ஐயா. உங்க மலாக்கா பாசார் சாமான்தான்."

பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "முகத் தோற்றம் மாறியதுன்னு போட்டிருக்கேன். நுரையைத் துடைச்சிட்டு வந்து ஒக்காரு. படத்துல பல்லு தெரியக் கூடாது" என்றார்.

துடைத்தேன். உட்கார்ந்தேன். தாடியோடு படம் எடுத்தார்கள். புதுக் கார்டு அடுத்த வாரம் தோட்டத்து ஆபீசுக்கு வருமாம்.

அதற்குப் பிறகு முகத்தை மழிக்க முடியாதே, படம் எடுத்தாகிவிட்டதே. அப்படித்தான் தாடி பிழைத்தது. இன்றைக்கு உங்கள் கடிதம் வந்தபோதுதான் எவ்வளவு பக்கத்தில் போயிருந்தேன் என்று தெரிந்தது. லயத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது, நேரில் வைத்துக்கொள்ளலாம். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிச்சைமுத்து

*

தம்புசாமி சலூன்,
மலாக்கா.
16-10-1951

மாப்பிள்ளைக்கு,

பெண் குழந்தை. நேற்று மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியில். ராஜம்மா கஷ்டப்பட்டாள், நடுவில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். இரண்டு பேரும் நலம் என்று இன்று காலை சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

குழந்தை நல்ல குரல். வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது. தலை நிறைய முடி. உமது தாடியில் போன அந்த ஒரு முடிக்குப் பதிலாக என்று கமலவேணி சொல்கிறாள். உம்மோடு சேர்ந்து இந்த வீட்டில் எல்லாரும் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வாக்கு முடிந்தது, இனி மழித்துக்கொள்ளலாமே என்று ராஜம்மாவிடம் கேட்டேன். இந்தத் தடவை உண்மையாகவே கேட்டேன். அவள் சொன்னது: "அந்த மனுசன்கிட்ட சொல்லுங்க, அப்படியே வரணும். அந்தத் தாடியை நான் ஒரு தடவை என் கண்ணால பாக்கணும், புள்ளைக்கும் காட்டணும். அப்புறம் நீங்களே மழிச்சு விடுங்கண்ணே."

சரி என்றேன். மூன்றாவது நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆள் போடலாம் என்று பார்த்தேன், போடவில்லை. நீர் முதலில் அனுப்பிய கத்தி ஒன்றைத் தனபாலனிடமிருந்து பிடுங்கி எடுத்து வைத்திருக்கிறேன். நான் கல்லில் வைக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

வாரும்.

தம்புசாமி

*

வெள்ளைப்பாலத் தோட்டம்.
19-10-1951

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

என் மகள் அழுதது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நீங்கள் எழுதிய பொய்க்கு அந்த ஒரு வரியில் கணக்குத் தீர்ந்தது. வடிவேலு கடிதத்தைக் கொடுத்தபோது அவன் எதிரிலேயே படித்தேன். "ஏண்ணே அழுறீங்க, தாடி நனையுது" என்றான்.

கார்டு வந்துவிட்டது, பழையதை ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். படத்தில் இருப்பவனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் நாளைக்கு மெர்லிமாவ் சார்ஜெண்ட் அவனையும் என்னையும் பார்த்து ஒரே ஆள்தான் என்று சொல்லியாக வேண்டும்.

துரை இரண்டு நாள் பாஸ் போட்டிருக்கிறார். இன்று காலை அவருக்குச் சவரம் செய்தேன். காவல்காரன் வழக்கம்போல் பின்னால் நின்றான். துரை கண்ணைத் திறக்காமலே, "மண்டே, பிச்சே" என்றார். "எஸ் துவான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை வருவதற்கு எனக்கு மனது இருக்கலாம். ஆனால் நாளை மாலை ராஜம்மா பார்த்து முடித்ததும் நீங்கள் என் முகத்தை மழிப்பீர்கள். மழித்தால் இந்தக் கார்டில் இருப்பவன் நான் இல்லை. பேர் சரி, பாஸ் சரி, முகம் சரியில்லை என்று அந்தச் சார்ஜெண்டே என்னை மறுபடியும் மலாக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். சர்க்கார் சட்டத்தை நான் என்ன செய்ய முடியும்? புதுக் கார்டுக்கு எழுதிப் போட வேண்டும். போடுகிறேன். அவசரமில்லை.

துரை பாவம். அதனால் என் கோழி மார்க்கை அவர் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நுனி மொக்கை, மூலை இல்லை, முதுகில் ஒட்டுத்துணி இருக்கிறது. கை நடுங்கினாலும் அது அவரை வெட்டாது. அவர் அதைக் கல்லில் அழுத்தித் தேய்த்தால்தான் ஆபத்து. அந்தக் குணம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று நம்புகிறேன்.

என் கல்லைத் துணியில் சுற்றிவிட்டேன். வாசலில் கேட்டால் அம்மி என்று சொல்லிக்கொள்கிறேன்.

வெந்நீர் வைத்திருங்கள். அதற்குப் பிறகு நான் மெர்லிமாவ் பக்கம் தலை வைக்க முடியாது, எந்த ரோட்டிலும் எந்தத் தடுப்பையும் தாண்ட முடியாது. பூங்கா ராயாவுக்கும் புக்கிட் காத்திலுக்கும் நடுவில், உங்களோடு, எங்கேயும் போக முடியாத ஆளாகக் கிடப்பேன். இத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

உங்கள்
பிச்சைமுத்து